ஏழரை மணி மஞ்சள்

வேங்கிக்காலில் அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கிற சாலையில் பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடிப்பது, பிளக்ஸ் டிசைன் செய்வது, ரேஷன் கார்டுக்கு லேமினேஷன் போடுவது எல்லாம் நான் ஒருவன்தான். இந்தச் சாலையில் மொத்தம் எத்தனை அலுவலகம் என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். திறக்கும்போது பெயர்ப்பலகைக்கு என்னிடம்தான் வருவார்கள். மூடும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்படி நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மாடிப் போர்ஷனில் திறந்ததுதான் குளோரின் உறுதிப்பாட்டு அலகு. பெயரைப் பார்த்ததும் எங்கேயோ கைத்தவறு நடந்திருக்கிறது என்று நினைத்தேன். குடிநீர் உறுதிப்பாடு என்றுதானே இருக்கவேண்டும் என்று அலகின் தலைவர் ராஜேந்திரனிடம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"தண்ணிக்கு நாம எப்படிங்க கேரண்டி குடுக்கறது? அது மழையில வருது, ஏரியில வருது, கிணத்துல ஊறுது. குளோரின் நம்ம குடோன்ல இருந்து வருது. அதுக்குத்தான் நாம பொறுப்பு. பொறுப்பில்லாத விஷயத்துல கை வெக்கக் கூடாதுன்னு சர்வீஸ்ல சேந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றார். பலகையில் எழுத்து மஞ்சளில் இருக்கவேண்டும் என்று மட்டும் வற்புறுத்தினார்.

மஞ்சளுக்குக் காரணம் உண்டு. அலகின் கீழ் இருக்கிற ஊர்களில் டேங்க் ஆபரேட்டர்கள் காலையில் டேங்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றவேண்டும். பிறகு தெருக்குழாயில் ஒரு கண்ணாடிக் குப்பி தண்ணீர் பிடித்து, அதில் ஒரு மருந்தைச் சில சொட்டு விடவேண்டும். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். கூடவே ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் வெளிர் மஞ்சளிலிருந்து அடர்மஞ்சள் வரை ஆறு கட்டம். மூன்றாவது கட்டம்தான் உத்தமம். குப்பியையும் அட்டையையும் சேர்த்துப் பிடித்து, பின்னால் டேங்க் தெரிய, தன் முகமும் தெரிய ஒரு படம் எடுத்து ஏழரை மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். குழுவின் பெயர் மஞ்சள் குடும்பம். ஏழரைக்குள் மஞ்சள் வந்துவிட்டால் அந்த ஊரில் அன்று யாருக்கும் நோய் கிடையாது. வராவிட்டால் ஆபரேட்டருக்கு மெமோ.

நாகமரத்தாங்கல் ஆபரேட்டர் கலையரசன் இந்தப் பிரச்சனை வரும்வரை ஒரு மெமோகூட வாங்காதவன். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுவார்கள், பூ கட்டுவார்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரோட்டோரம் கடை போடுவார்கள். கலையரசன் ஐ.டி.ஐ. முடித்தவன், முப்பத்துமூன்று வயது, பேச்சு கம்மி. அவனுடைய அப்பா செத்த அன்றுகூட மஞ்சளை அனுப்பிவிட்டுத்தான் சொந்தக்காரர்களுக்குச் சாவு சொன்னான். குழுவில் பதினாறு பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். சாவுக்கா மஞ்சளுக்கா என்று அவனுக்கு விளங்கவில்லை.

போன பங்குனியில் கிரிவலம் வருகிறவர்களின் வசதிக்காக அந்த ஊரில் முப்பத்திரண்டு கழிப்பறை கட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதன் குழியைத் தோண்டிய இடம், ஊர் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற கிணற்றின் சுற்றுச்சுவருக்கு மறுபக்கம். சித்திரைப் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வந்து போனது. ஏழாம் நாள் ஊரில் பாதிப் பேருக்கு வயிறு போனது. வைகாசியிலும் அப்படியே. ஆனியில் கலையரசனின் ஆறு வயது மகள் கவிநிலா படுத்தாள். மற்றவர்கள் பத்து நாளில் எழுந்துவிட்டார்கள். அவள் எழவில்லை. மூன்று வாரத்தில் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தவேண்டியதாயிற்று.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா மலத்தைப் பரிசோதிக்க அனுப்பிவிட்டு, வந்த சீட்டைப் படித்துச் சொன்னார். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஓர் ஒட்டுண்ணி. மனிதக் கழிவிலிருந்து தண்ணீருக்கு வரும். தடித்த ஓட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், குடிதண்ணீரில் போடுகிற குளோரின் அதை ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தால் செத்துவிடும். "இன்னொரு தடவ இப்படி வந்தா கொழந்த ஒடம்பு தாங்காது. தண்ணிய காய்ச்சிக் குடுங்க, அந்தக் குழிய மொதல்ல அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்க" என்றாராம்.

கலையரசன் அந்தச் சீட்டோடு என் கடைக்கு வந்தான். "செழியண்ணா, குழிய மாத்தித் தரச் சொல்லி ஒரு மனு அடிச்சிக் குடுங்க. ஒரே பொண்ணு எனக்கு" என்றான். என் முழுப்பெயர் இளஞ்செழியன். அதைச் சொல்ல இந்தச் சாலையில் யாருக்கும் நேரமில்லை.

அடித்துக் கொடுத்தேன். எட்டு நாளில் பதில் வந்தது. அரசாங்கத்தில் எட்டு நாளில் பதில் வந்தால் அது நல்ல பதிலாக இருக்காது என்பது என் அனுபவம். 'தங்கள் ஊரின் குளோரின் அளவு திருப்திகரமாக உள்ளதால் தங்கள் மனு திருப்திகரமாக முடித்துவைக்கப்படுகிறது' என்றிருந்தது.

இரண்டாவது மனுவில், இந்தக் கிருமி குளோரினுக்குச் சாகாது என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டு அடிக்கோடும் போட்டேன். அதற்கு, சாகவில்லை எனில் குளோரினைக் கூட்டிப் போடவும் என்று உத்தரவு வந்தது. கலையரசன் கூட்டிப் போட்டான். சோறு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வாடை அடித்தது. பூ கட்டுகிற பெண்கள் தண்ணீர் தெளித்ததில் கனகாம்பரம் வெளுத்துப்போனது. ஊரார் கலையரசனைப் பார்த்துக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டார்கள். ஆடிப் பௌர்ணமி முடிந்து ஏழாம் நாள் வழக்கம்போல வயிறு போனது.

இதற்கிடையே வேறொரு சிக்கல். குப்பியில் தண்ணீர் மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சுக்குப் போய்விட்டது. அட்டையில் ஆரஞ்சு இல்லை. அட்டையில் இல்லாத நிறத்தை அனுப்பியதற்காகக் கலையரசனுக்கு அவன் வாழ்க்கையின் முதல் மெமோ வந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவனிடம் ராஜேந்திரன் தன்மையாகத்தான் பேசினார்.

"குளோரினக் கூட்டச் சொன்னது நாங்கதான். இல்லேங்கல. அதுக்காகக் கலரக் கூட்டலாமா? குப்பியில பாதிக்கு கேன் தண்ணி ஊத்திக் கலந்துக்கோங்க. மூணாவது கட்டத்துக்கு வந்துடும். இதக்கூட நான் சொல்லித் தரணுமா?"

"சார், அப்ப ஜனங்க குடிக்கறது?"

"ஜனங்க குடிக்கறது குரூப்ல வராதேப்பா."

மூன்றாவது மனுவுக்கு ராஜேந்திரனே நேரில் வந்தார். குடிநீர்க் கிணறும் கழிவுக்குழியும் ஐம்பது அடியாவது தள்ளி இருக்கவேண்டும் என்று அலகின் விதி. சுவருக்கு இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குழி, நடுவில் பதினான்கு அடி. இதைக் குழந்தைகூட காலால் அளந்துவிடும். ராஜேந்திரனின் உதவியாளர் டேப்பை எடுத்தார். குழியில் ஆரம்பித்துக் கழிப்பறை வாசல் வழியாக வெளியே வந்து, ரோட்டோரமாகவே நடந்து, கிணற்றடி கேட்டைத் திறந்து உள்ளே போய் முடித்தார். எழுபத்தோரு அடி வந்தது.

"சார், சுவத்துக்கு இந்தாண்ட கிணறு, அந்தாண்ட குழி" என்றான் கலையரசன்.

"சுவர் ஏறிக் குதிச்சு யாராவது அளப்பாங்களா? வழின்னு ஒண்ணு எதுக்கு இருக்குது?"

"மண்ணுக்குள்ள ஊறி வருதுங்க சார்."

"மண்ணுக்குள்ள அளக்க நம்மகிட்ட டேப்பு இல்லீங்களே" என்றார் ராஜேந்திரன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது என்று கலையரசன் சொன்னான். இருந்திருக்கும். டேப் வாங்க இன்டென்ட் எழுதிப் போட்டு அனுமதி வாங்குவது லேசான வேலையில்லை.

பௌர்ணமிக்கு ஏழாம் நாள்தான் நோய் வருகிறது என்று கலையரசன் தேதிவாரியாக எழுதி வைத்திருந்த நோட்டையும் வாங்கிப் போனார்கள். அந்த நோட்டை வைத்து அலகு ஓர் அறிக்கை தயாரித்தது. பத்துப் பிரதி நான்தான் எடுத்துக் கொடுத்தேன். 'மேற்படி ஊரில் வயிற்றுப்போக்கு முழுநிலவைத் தொடர்ந்து ஏற்படுவது ஆய்வில் உறுதியாகியுள்ளது. நிலவானது இவ்வலகின் ஆளுகைக்கு உட்பட்டதல்ல' என்று அதில் முடிவுரை. பல வருடமாக அரசாங்கத் தமிழைப் பிரதி எடுக்கிறவன் நான். அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு முறை படித்தேன்.

அலகில் உருப்படியாக இருந்த ஒரே ஆள் அபிநயா. ஒப்பந்தத்தில் லேப் வேலை பார்த்த பெண். நாகமரத்தாங்கல் தண்ணீரைப் பரிசோதித்த தாளில், ஒட்டுண்ணி என்கிற இடத்துக்கு நேரே 'பரிசோதிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தாள். அதை 'இல்லை' என்று மாற்றச் சொன்னார் ராஜேந்திரன். இந்த லேபில் அதைப் பார்க்கிற வசதியே கிடையாது, பார்க்காததை எப்படி இல்லை என்று எழுதுவது என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"பாக்கலதானே? அப்ப இல்லதானே? அதையே எழுதுங்க. குளோரினுக்குச் சாகாத கிருமின்னு ஒண்ணு இருந்தா நமக்கு சர்க்குலர் வந்திருக்கும்மா."

அவள் எழுதவில்லை. அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிற அலகின் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பிளீச்சிங் மூட்டையைத் தவிர பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. போகும்போது என் கடையில் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, "அந்த ஆபரேட்டர்கிட்ட சொல்லுங்கண்ணா, மனு போட்டுகினு இருக்காம ஊர் முழுக்கத் தண்ணிய காய்ச்சச் சொல்லுங்க. வேற வழி இல்ல" என்றாள்.

சொன்னேன். கலையரசன் பஞ்சாயத்து மைக்கைப் பிடித்தான். தினமும் வால்வைத் திறக்கும்போது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அறிவித்தான். காய்ச்சினால் பிளீச்சிங் வாடையும் போகிறது என்பதால் ஜனங்கள் சந்தோஷமாகவே காய்ச்சினார்கள். ஆவணிப் பௌர்ணமி வந்தது, போனது. ஏழாம் நாள் ஊரில் இரண்டே பேருக்குத்தான் வயிறு போனது. கவிநிலா எழுந்து உட்கார்ந்து முறுகலாகத் தோசை கேட்டாளாம். அதைச் சொல்வதற்கென்றே கலையரசன் வேங்கிக்கால் வரை வண்டியை மிதித்துக்கொண்டு வந்தான். அவன் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அலகு விழித்துக்கொண்டது. காய்ச்சினால் தண்ணீரிலிருந்து குளோரின் போய்விடும் என்பது அவர்களுக்கும் தெரிந்த விஞ்ஞானம். அரசாங்கம் குடோனிலிருந்து அனுப்பி, ஆபரேட்டர் கலந்து, படம் பிடித்து உறுதிசெய்த குளோரினை நானூறு வீடுகள் அடுப்பில் வைத்து ஆவியாக்குகின்றன. குளோரின் இழப்பு என்று புதிதாக ஒரு கோப்பு திறந்தார்கள். ராஜேந்திரன் குப்பியும் மருந்துமாக நேரே கலையரசன் வீட்டுக்குப் போனார்.

கலையரசனின் மனைவி சிந்துஜா காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தவலையில் மூடி வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு குப்பி எடுத்து மருந்தைச் சொட்டினார்கள். தண்ணீர் அப்படியே தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"பாருங்க" என்றார் ராஜேந்திரன். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்த அவருக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை. "ஒரு பொட்டு மஞ்சள் இல்ல. இந்தத் தண்ணியவா நோயாளிக் கொழந்தைக்குக் குடுக்கறீங்க? பெத்தவங்கதானே நீங்க?"

"டாக்டரம்மா காய்ச்சச் சொன்னாங்க சார். காய்ச்சினப்புறம்தான் சார் புள்ள எழுந்து ஒக்காருது" என்றாள் சிந்துஜா.

"டாக்டரம்மா மனுசங்களுக்கு வைத்தியம் பாக்கறவங்கம்மா. தண்ணிக்கு நாங்கதான் பாக்கணும். நான் ஒரு நாளாவது அவங்க நோயாளிக்கு மாத்திர எழுதியிருக்கேனா?"

தவலையைத் தெருவில் கவிழ்க்கவைத்துப் படம் எடுத்தார்கள். குடிக்க உகந்ததல்ல என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். மறுநாள் உத்தரவு வந்தது. எந்த வீட்டுக் குடத்தில் மஞ்சள் வரவில்லையோ அந்த வீட்டுக் குழாய் துண்டிக்கப்படும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் பாட்டில் வாசலிலேயே சோதிக்கப்படும். காய்ச்சுகிறவர்களைப் பற்றித் தகவல் சொல்ல ஒரு போன் நம்பர், சொல்கிறவர் பெயர் ரகசியமாக வைக்கப்படும். ஆபரேட்டர் வீட்டில் காய்ச்சுவது தெரிந்தால் வேலை போகும். மைக்கைப் பஞ்சாயத்து ஆபீசில் வைத்துப் பூட்டினார்கள்.

கலையரசன் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது மனு போட்டான். நானும் சளைக்காமல் அடித்தேன். என்னுடைய தமிழ் ஒவ்வொரு மனுவிலும் மெருகேறிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான் கண்ட பலன். ஆறாவதற்கு வந்த பதிலில், தொடர்ந்து மனு அளிப்பதால் அலகின் மஞ்சள் பணிகள் பாதிக்கப்படுவதாக எழுதி எனக்கே ஒரு நகல் போட்டிருந்தார்கள்.

புரட்டாசி ஆரம்பத்தில் ஒருநாள் கலையரசன் வந்து, கடையில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"ண்ணா, கதவ சாத்திகினு காய்ச்சிடறோம். ஆறினப்புறம் பிளீச்சிங் கரைச்ச தெளிவுல ஒரு ரெண்டு சொட்டு விட்டுடறேன். கரெக்டா மூணாவது கட்டம் வருது. பாட்டில் ஸ்கூல் வாசல்ல பாஸாயிடுச்சு. நேத்து வூட்டாண்ட வந்து பாத்தாங்க, தவலையும் பாஸாயிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அலகை ஏமாற்ற ஒருவனுக்கு வழி கிடைத்துவிட்டதே என்று டீ வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கவிநிலா தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது. ஊக்கு இல்லாமல் பாவாடை நின்றது. இதை அலகும் கவனித்தது. ஊரிலேயே நோய் ஜாஸ்தியாக இருந்த பிள்ளை, காய்ச்சுவதை நிறுத்திய வீடு, தவலையில் உத்தமமான மூன்றாவது கட்டம். ராஜேந்திரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐப்பசியில் நாகமரத்தாங்கல் பள்ளிக்கூட மைதானத்தில் விழா எடுத்தார்கள். பிளக்ஸ் என்னிடம்தான் வந்தது. கவிநிலா இரட்டைச் சடையோடு மஞ்சள் குப்பியைப் பிடித்துச் சிரிக்கிற படம். கீழே, 'காய்ச்சாமல் குடித்தேன், காய்ச்சல் இல்லாமல் வாழ்கிறேன்' என்று ராஜேந்திரனே எழுதிக் கொடுத்த வாசகம். இவளுக்கு வந்தது காய்ச்சலே இல்லையே சார் என்றேன். "எதுகை நல்லா இருக்குதில்ல" என்றார். நான் டிசைன் செய்து கொடுத்தேன். பத்துக்கு எட்டு அளவில் ஆறு போர்டு. பிழைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேடையில் ராஜேந்திரன் அரைமணி நேரம் பேசினார். அலகு தொடங்கிய நாள் முதல் மஞ்சள் வராத காலையே இல்லை என்றார். நோய் வரும், போகும், அது இயற்கை, மஞ்சள் மட்டும் வந்துகொண்டே இருக்கவேண்டும் என்றார். "எத்தன பேரு நோயில இருந்து தப்பிச்சாங்கன்னு கேக்கறாங்க. நாங்க அதக் கணக்கெடுக்கறதில்ல. ஏன்னா அது எங்க வேல இல்ல" என்று அவர் சொன்னபோது கைதட்டல் எழுந்தது. பிறகு கலையரசனை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டு, மைக்கை அவன் வாய்க்கு நேரே நீட்டினார்.

"ஊர்க்காரங்களுக்குச் சொல்லுங்க. பொண்ணுக்கு என்ன தண்ணி குடுத்தீங்க?"

கலையரசன் கீழே உட்கார்ந்திருந்த ஊரைப் பார்த்தான். போட்டோ எடுக்கிறவரைப் பார்த்தான். "டேங்குத் தண்ணிங்க" என்றான்.

"காய்ச்சாமத்தானே?"

"காய்ச்சாமத்தாங்க."

ஊர் காய்ச்சுவதை விட்டது. குழாயை வெட்டிவிடுவார்கள் என்கிற பயத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே விட்டிருந்தார்கள். மிச்சப் பேர் விட்டது கவிநிலாவைப் பார்த்து. அவள் தினமும் அவர்கள் கண்ணெதிரே பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தாள், அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்.

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டத்தை எழுதத் தேவையில்லை. முப்பத்திரண்டு கழிப்பறையும் இரண்டு நாள் கதவு மூடித் திறந்தபடியே இருந்தது. ஏழாம் நாள் நாகமரத்தாங்கலில் மறுபடியும் வயிறு போக ஆரம்பித்தது. கலையரசன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் திரௌபதி என்று ஒரு பெண். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. ஒன்றரை வயதுப் பையன் ஆதவன், அப்போதுதான் ஓட ஆரம்பித்தவன். அவனுக்கும் வந்தது. மூன்றாம் நாள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கலையரசன் வீட்டுக்கு வந்தாள்.

"ண்ணா, நர்சம்மா உப்பு சக்கரப் பொட்டலம் குடுத்திருக்காங்க, தண்ணியில கரைச்சிக் குடுத்துகினே இருக்கச் சொல்லி. எந்தத் தண்ணியில கரைக்கறது? முன்ன நீ மைக்குல காய்ச்சச் சொன்ன. மேடையில காய்ச்சாமன்னு சொன்ன. உன் பொண்ணுக்கு இன்னா தண்ணி குடுத்து எழுப்புன? அதச் சொல்லு."

உள்ளே அடுப்பில் தவலை இருந்தது. ஆள் வந்த சத்தம் கேட்டுச் சிந்துஜா அடுப்பை நிறுத்தி, மேலே துணியைப் போட்டு மூடியிருந்தாள். தெருவில் இன்னும் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வாரம்தான் பக்கத்து ஊர் ஆபரேட்டரை, யாரோ போன் செய்து சொன்னார்கள் என்று வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். போன் செய்தது யார் என்று தெரியாததால் அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள்.

"டேங்குத் தண்ணிதாம்மா" என்றான் கலையரசன்.

"காய்ச்ச வேணாமா?"

"வேணாம்."

திரௌபதி நம்பினாள். பொட்டலத்தை டேங்குத் தண்ணீரில் கரைத்து, மணிக்கு மணி, ஒரு சொட்டு சிந்தாமல் பையனுக்குப் புகட்டினாள். போகப்போக வயிறு கூடுதலாகப் போனது, கூடுதலாகப் புகட்டினாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும்போது அவன் கண் உள்ளே போயிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் செத்துப்போனான். டாக்டரம்மா சீட்டில் அந்த ஒட்டுண்ணியின் பெயரை மறுபடியும் எழுதினார்.

அலகு விசாரணைக்கு வந்தது. திரௌபதி வீட்டில் அடுப்பு எரியவில்லை, குடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். அறிக்கை பிரதி எடுக்க என் கடைக்குத்தான் வந்தது. 'இறந்த குழந்தையின் வீட்டுக் குடிநீர் மூன்றாம் கட்டத்தில் சிறப்பாக உள்ளது. எனவே மரணத்துக்கும் குடிநீருக்கும் தொடர்பில்லை. குழந்தையின் தாயார் அலகின் அறிவுரைகளை முழுமையாகக் கடைப்பிடித்தமை பாராட்டுக்குரியது.' கூடவே ஒரு பாராட்டுச் சான்றிதழும் அடிக்கச் சொல்லி, திரௌபதியின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அதை மட்டும் மெஷின் ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அடுத்த கடையில் அடித்துக்கொண்டார்கள்.

பையன் செத்த பதினோராம் நாள் கலையரசன் கடைக்கு வந்தான். நடந்ததை எல்லாம் எழுதி ஏழாவது மனு போடப்போகிறான் என்று நினைத்துக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். "மனு இல்லண்ணா. திரௌபதியாண்ட போயிச் சொல்லணும். தனியா போவ கால் வரல. நீங்க கூட வரீங்களா?" என்றான். கடையைப் பூட்டிக்கொண்டு போனேன்.

சாவுக்கு வந்திருந்த அவள் புருஷன் வெளியே போயிருந்தான். எங்களை உட்காரச் சொன்னாள். கலையரசன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சியதை, ஆறினபிறகு இரண்டு சொட்டு விட்டதை, மேடையில் சொன்னது பொய் என்பதை, அவள் வந்து கேட்டபோது அடுப்பில் தவலை இருந்ததை. மன்னித்துவிடு என்று அவன் சொன்னானா என்று எனக்கு நினைவில்லை, சொல்லியிருந்தாலும் அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு, "எவ்ளோ நேரம் காய்ச்சணும்?" என்று கேட்டாள்.

"கொதி வந்தப்புறம்… ஒரு நிமிசம் போதும்மா."

"ஒரு நிமிசமா?"

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. சண்டை போடுகிற குரலும் இல்லை.

"வேல போயிடும்னு பயந்த. சரி. தெருவுல ஆளுங்க நின்னாங்க. சரிண்ணா, சத்தமா சொல்ல வேணாம்" என்றாள். "காதுல சொல்லியிருக்கலாமில்ல."